படிவத்தில் 'மதம்' என்ற கட்டம்

தம்பி, ஜெர்மனியில் முகவரி பதியும்போது கத்தோலிக்கர் என்று எழுதினால் சம்பளத்தில் திருச்சபை வரி பிடிப்பார்களாமே, 'மதம் இல்லை' என்று போட்டுவிட்டுப் பூசைக்கு மட்டும் போய்க்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கு. சம்பளத்தில் 9 சதவீதம் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அப்படியில்லை. நீங்கள் கட்டும் வருமான வரியில்தான் 9 சதவீதம். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8. மாதம் 500 யூரோ வருமான வரி போனால் திருச்சபை வரி 45 யூரோ. ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழித்துக் காட்டினால் அதிலும் கொஞ்சம் திரும்பி வரும்.

நானும் வந்த புதிதில் 'இல்லை' என்று போட்டவன்தான். தமிழ்ப் பூசை மாதம் ஒருமுறை ஒரு ஜெர்மன் பங்குக் கோயிலில் நடக்கும். ஜனவரிக் குளிரில் விறைத்த காலோடு போய் உட்கார்ந்தால் பெஞ்சுக்கு அடியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதில் காலைச் சூடேற்றிக்கொண்டு, காணிக்கைக் கூடையில் 2 யூரோ போட்டுவிட்டு வருவேன். அந்த ஹீட்டருக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்று யோசித்ததே இல்லை.

மகனுக்குத் திருமுழுக்குக் கேட்டுப் போனபோதுதான் மாட்டினேன். பங்கு அலுவலகத்து அம்மா கணினியில் தேடிவிட்டு, "உங்கள் பெயர் இங்கே இல்லையே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். ஊரில் என் அப்பா, வலையில் ஒன்றும் படாத மாதத்திலும் கோயில் வரியைப் பாக்கி வைக்காதவர். பேதுரு இயேசுவை மறுதலித்தபோது கூவிய அந்தச் சேவல் ஒன்றுதான் கூவவில்லை.

வரி கட்ட மனமில்லை என்றால் முறைப்படி விலகுவதற்கு இங்கே சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அப்படி விலகியவர்கள் நற்கருணை வாங்கக் கூடாது என்று ஜெர்மன் ஆயர்கள் 2012-இல் ஆணை போட்டிருக்கிறார்கள். எனக்கு அது கடுமையாகத்தான் படுகிறது. இருந்தாலும் வெளிப்படையாக விலகுகிறவரை நான் மதிக்கிறேன். வாயால் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டு கையால் 'இல்லை' என்று எழுதிய என்னைத்தான் மதிக்க முடியவில்லை.

அப்புறம், கிளம்புமுன் பங்குத்தந்தையிடம் திருமுழுக்குச் சான்றிதழ் வாங்கிக் கையோடு கொண்டு வாருங்கள். என்னுடையதைத் தபாலில் வரவழைத்துப் பதிவைத் திருத்தி முடிப்பதற்குள் மகன் தவழ ஆரம்பித்துவிட்டான்.