கேமரன் மலைக்கு போனா மட்டும் பழைய கார் காலையில ஸ்டார்ட் ஆகமாட்டேங்குதே, ஏன்?

சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வச்சுக்கறதுக்கான உரிமம்) புதுப்பிச்ச 12 வயசு கார், சிங்கப்பூர்ல ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகுது, மலேசியாவுல இருக்குற அந்த மலையில விடியக்காலை மட்டும் மக்கர் பண்ணுதுன்னு கேட்டிருக்கீங்க. அங்க ராத்திரி 15 டிகிரி வரைக்கும் இறங்கும், நமக்கு 23னாலே குளிரு, அதான் இங்க மறைஞ்சு கெடந்த கோளாறு அங்க வெளிய வருது.

மொதல்ல சத்தத்த கேளுங்கண்ணே. டக் டக்னு மட்டும் அடிச்சாலோ, இழுத்து இழுத்து சுத்துனாலோ பெரும்பாலும் பேட்டரிதான். பேட்டரிய கொல்றது நம்ம ஊர் வெயில், குளிரு சும்மா காட்டிக்குடுக்குது. ராத்திரி முழுக்க நின்ன கார்ல மல்டிமீட்டர் வச்சு பாருங்க, 12.6 வோல்ட்னா நல்லது, 12.2னா பாதி சார்ஜ்தான், ஸ்டார்ட் பண்றப்ப 9.6க்கு கீழ விழுந்தா பெரும்பாலும் பேட்டரி வீக்குதான், ஆனா பேட்டரி டெர்மினல்ல (வயர் மாட்டுற முனையில) வெள்ளையா பூத்திருந்தா மொதல்ல அத சுத்தம் பண்ணிட்டு அப்புறம் காச செலவு பண்ணுங்க.

வேகமா சுத்துது, ஆனா பிடிக்கலையா? அப்ப கதை வேற. சாவிய ஆன்ல ரெண்டு செகண்ட் வச்சு ஆஃப் பண்ணுங்க, மூணு தடவ இப்படி பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணா பிடிக்குதுன்னா ராத்திரில பெட்ரோல் பிரஷர் இறங்கிடுது. அதுவும் இல்லன்னா என் சந்தேகம் எஞ்சின் சூட்ட அளக்குற கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் மேலதான், எஞ்சின் சூடா இருக்குன்னு அது பொய் சொன்னா கம்ப்யூட்டர் பெட்ரோல கம்மியா விடும், 30 டிகிரில எப்படியோ சமாளிச்சிடும், குளிர்ல முடியாது. ஸ்பார்க் பிளக் மாத்தி ரொம்ப நாளாச்சுன்னா அதையும் பாத்துடுங்க. எல்லாம் உட்லண்ட்ஸ் எல்லைய தாண்டுறதுக்கு முன்னாடி லா, மலை மேல லீவு நாள்ல மெக்கானிக்க தேடி நான் அலைஞ்சிருக்கேன்.