புது சென்சார் போட்டும் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால்

மூன்றாவதாக இன்னொரு சக்கர வேக சென்சார் வாங்காதீர்கள், கோளாறு பெரும்பாலும் வயரில். இடது முன் சக்கரத்துக்கு இரண்டு முறை சென்சார் மாற்றியும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘மட்டும்’தான் துப்பு.

ஷாக் அப்சார்பர் கிளிப்புக்கும் பாடிக்குள் நுழையும் ரப்பருக்கும் நடுவே வயர் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும். வெளியுறை புதிதுபோல இருக்கும், நம்பாதீர்கள். செம்பு இழைகள் நேராக இருக்கையில் தொட்டுக்கொள்ளும், இழுபட்டால் விலகும்.

1. இக்னிஷனை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சென்சார் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்), ஏபிஎஸ் யூனிட் கப்ளர் இரண்டையும் கழற்றுங்கள். கப்ளருக்குள் இருக்கும் உலோகப் பின்களில் பச்சைப் பூஞ்சை மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

2. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒவ்வொரு வயரையும் முனைக்கு முனை அளந்தபடியே கையால் வளைத்து இழுங்கள். எண் குதித்தால் அங்கேதான். மீட்டரின் பீப் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது கூவும்.

3. வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பே காட்டக் கூடாது.

ஒன்று கவனம்: சென்சாரையே ஓம்ஸில் அளக்கும் பழக்கம் பழைய காயில் வகைக்குத்தான் (பொதுவாக 1,000 ஓம் அக்கம்பக்கம்). இப்போதைய ஹால் வகையில் (உள்ளே மின்னணுச் சுற்று உள்ளது) அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அதற்கு ஏபிஎஸ் யூனிட் கப்ளரையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, இக்னிஷனைப் போட்டு, சென்சார் கப்ளரில் சப்ளை வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், வளையும் இடத்தில் சால்டர் வைத்து ஒட்டாதீர்கள். விறைத்துப்போய் பக்கத்திலேயே மறுபடி அறும். அந்தத் துண்டு வயரையே மாற்றிவிடுங்கள்.