உறுதியில் என்ன விலை எழுதப் போகிறீர்கள்?

கேள்வி: சீதனமாக வந்த பரந்தன் வீட்டில் 2012 முதல் இருக்கிறோம். நான் ஆசிரியை, கணவர் நெல் வியாபாரம். பிள்ளைகளின் படிப்புக்காக வவுனியாவில் 90 லட்சத்துக்கு ஒரு வீடு பேசியிருக்கிறோம். உறுதிக் காணிதான், அதாவது கிரயப் பத்திரம் உள்ள காணி. உறுதியில் 40 லட்சம் போட்டால் முத்திரைச் செலவு குறையும் என்கிறார் விற்பவர். தன் தம்பியின், அதாவது என் கணவரின் பெயரில்தான் எழுத வேண்டும் என்று கணவரின் தமையன் நிற்கிறார். என் சம்பளத்தில் எடுத்த கடனும் இதில் இருக்கிறது. இரண்டாவது வீட்டுக்கு என்ன வரி வரும்?

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் முக்கால்வாசி தமையனையும் மாமியையும் பற்றியது. அதை நான் தீர்க்க முடியாது. கலியாணத்துக்குப் பின் உழைத்த காசில் வாங்கினால் வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அது தேடியதேட்டம், அதாவது மணவாழ்க்கையில் தேடிய சொத்து. ஆனால் கணவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் விற்கும்போது உங்களைக் கேட்க வேண்டியதில்லை. எனவே இருவர் பெயரிலும் எழுதுங்கள். சீதனக் காசு சேர்ந்தால் அதையும் உறுதியில் குறிப்பிடச் சொல்லுங்கள். தமையனுக்குச் சட்டப்படி இதில் வாயில்லை.

இரண்டாவது வீடு என்பதற்காகத் தனியாக ஒரு வருமான வரி கிடையாது. உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலைவரி இருக்கிறது, வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த 40 லட்சம்.

முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 90 லட்சத்துக்கு 3,59,000 ரூபாய் வரும், 40 லட்சத்துக்கு 1,59,000. மிச்சம் இரண்டு லட்சம். அதுவும் நிச்சயமில்லை. வரி சந்தைப் பெறுமதிக்குத்தான், குறைத்து எழுதியது தெரிந்தால் மீதியைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

இப்போது விற்பவர் பக்கம் பாருங்கள். அவர் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை என்றால் மூலதன ஆதாய வரி, அதாவது சொத்தை விற்று வரும் இலாபத்துக்கான வரி, கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் தனியாட்களுக்கு அது 10 வீதத்திலிருந்து 15 ஆகிவிட்டது. விலையில் 50 லட்சத்தை மறைத்தால் அவருக்கு மிச்சம் ஏழரை லட்சம். உங்கள் முத்திரைச் செலவைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

அந்த ஏழரை லட்சம் எங்கும் போகவில்லை, உங்கள் தலைக்கு மாறியிருக்கிறது. நாளைக்கு நீங்களும் அங்கே குடியிராத நிலையில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு விற்றால், உண்மையில் ஆதாயம் 30 லட்சம், வரி நாலரை லட்சம். உறுதிப்படியோ ஆதாயம் 80 லட்சம், வரி 12 லட்சம். "கையில் கொடுத்தேன், சாட்சி இருக்கிறது" என்று என்னிடம் வந்தவர்கள் பலர். அந்தச் சாட்சி பெரும்பாலும் தரகர். வரி அலுவலகத்தில் அவர் வாய் திறக்க மாட்டார், திறந்தால் அவரும் மாட்டுவார். காணியில் வேறொருவர் உரிமை கோரி வழக்கு வந்தாலும் இதே கதைதான்: 40 லட்சத்துக்கு மேல் கொடுத்ததை நிரூபிப்பது உங்கள் பாடு.

ஆகவே சண்டை பிடிக்காமல் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். உறுதியில் முழு விலை, காசு வங்கி வழியாக. விற்பவர் முறுக்கினால் அவருடைய வரியில் ஒன்றிரண்டு லட்சத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வயிறு எரியும்தான், இருந்தாலும் அது மலிவு. அதற்கும் வராவிட்டால் வேறு வீடு பாருங்கள்.

பரந்தன் வீட்டையும் மறக்க வேண்டாம். குடியிருக்கும் வீட்டை விற்றால் வரி இல்லை. ஆனால் விற்பதற்கு முந்திய மூன்று வருடம் அது தொடர்ந்து உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும், அதில் இரண்டு வருடமாவது, நாள் கணக்கில், அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதாவது வவுனியாவுக்குப் போன பிறகு உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வருடம். "பிள்ளை சோதனை எழுதி முடியட்டும்" என்று மூன்று வருடம் பூட்டி வைத்துவிட்டு விற்க வந்தால் விலக்கு போய்விடும். அப்போது வரி 2017 செப்டெம்பர் 30 அன்றைய சந்தை மதிப்புக்கு மேல் வரும் ஆதாயத்துக்கு. விற்கும் யோசனை கொஞ்சமாவது இருந்தால் அந்தத் திகதிக்கான மதிப்பீட்டை இப்போதே எடுத்து வையுங்கள், குடிபெயரும் மாதத்து மின்சாரப் பட்டியலையும் கிழித்துப் போடாதீர்கள்.