மதுரையில் பத்துப் பேர் தட்டி பிடித்து நின்றால் உலகத்தில் மருந்து விலை குறைந்துவிடுமா?

இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்திருக்கிறது. கேட்டவர் காலேஜ் மாணவராக இருக்க வேண்டும். வீட்டில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள், அதுவும் தெரிகிறது.

அன்றைக்கே குறையாது. நான் மெடிக்கல் ரெப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். பகலில் பையோடு டாக்டர் அறை வாசலில் காத்துக்கிடப்பேன், சாயங்காலம் சங்க வேலை. "மாத்திரை விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு விலையைப் பற்றிப் பேச என்ன தகுதி?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: என் மாமனாரே கேட்டு முடித்துவிட்டார். எந்தச் சரக்கு எவ்வளவுக்கு வந்து எவ்வளவுக்குப் போகிறது என்று ஸ்டாக்கிஸ்ட், அதாவது மருந்து மொத்த வியாபாரி, பில்லில் பார்க்கிறவனுக்குத்தான் வயிறு எரியும்.

ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரைக்குக் காப்புரிமை (வேறு கம்பெனி அதே மருந்தைச் செய்து விற்கக் கூடாது என்கிற உரிமை) தர முடியாது என்று 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் சொல்லிவிட்டது. நோவார்ட்டிஸ் கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. அப்போது அவர்கள் மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை 8,000, 10,000தான். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி உலகம் முழுக்கக் கையெழுத்து வாங்கினார்கள். நாங்களும் பெரியாஸ்பத்திரி எதிரே டீக்கடை ஓரம் நோட்டும் கையுமாக நின்றோம்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, வீட்டுக்காரரை வார்டில் சேர்த்திருந்தார். கைநாட்டுதான். எங்களிடம் மைப்பெட்டி இல்லை. பால்பாயிண்ட் பேனாவைக் கட்டைவிரலில் தேய்தேய் என்று தேய்த்து அழுத்தினால் பாதி ரேகைதான் விழுந்தது. விரலை வயர்கூடையில் துடைத்தபடி, "இத வச்சா மாத்திரை குடுத்துருவாகளா தம்பி?" என்றார். இப்போது கிடைக்காது, பின்னால் வருகிறவர்களுக்கு விலை ஏறாமல் இருக்கும் என்றேன். "பின்னாடி வர்றவுகளுக்கா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பார்வைக்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது.

நாலு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தும் கம்பெனி அசையவில்லை. 2007 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்றது. அது சட்டத்தால் வந்த தீர்ப்பு, கோஷத்தால் அல்ல என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? தெரிந்த மருந்தையே கொஞ்சம் மாற்றி, பலன் கூடியதைக் காட்டாமல் புதுக் காப்புரிமை கேட்கக் கூடாது என்கிற 3(டி) பிரிவு காப்புரிமைச் சட்டத்தில் 2005இல் சேர்ந்ததற்கு, நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் பிடித்த பிடியும், வெளியே நோயாளிகள் அமைப்புகள் போட்ட சத்தமும் காரணம். இதைச் சொன்னதற்காக என்னைக் கட்சிக்காரன் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளிகளில் பெரும்பாலோர் சாப்பிடுவது இந்திய மாத்திரை. இங்கே கதவை அடைத்தால் அங்கேயும் அடைபடும்.

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா என்று அடுத்த ஆள் வருவார். வேண்டும். அதற்குத்தான் இருபது வருடக் காப்புரிமை. அது முடியும்போது மருந்தோடு சேர்ந்திருக்கும் ரசாயன உப்பை மட்டும் மாற்றி இன்னொன்று கேட்பதுதான் பிரச்சினை. பெடாகுயிலின் என்ற காசநோய் மாத்திரையில் அதுதான் நடந்தது. மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேயும் எதிர்த்து மனு போட்டார்கள். இருவரும் பழைய காசநோய் ஊசியால் காது கேட்காமல் போனவர்கள். 2023 மார்ச்சில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏழை நாடுகளுக்காகச் சேர்த்து வாங்கும் அமைப்புக்கு அந்தக் கம்பெனி கொடுக்கும் விலை, ஆறு மாதக் கோர்ஸுக்கு, அதே வருடம் 289 டாலரிலிருந்து 130 டாலருக்கு இறங்கியது.

   

ஆஸ்பத்திரி எதிரே தட்டி பிடிப்பதென்றால் காலை எட்டு மணிக்குப் போகாதீர்கள், எல்லோரும் ஓ.பி. சீட்டு வாங்கும் அவசரத்தில் இருப்பார்கள். மதியம் போங்கள். நோயாளிகளோடு கூட வந்தவர்கள் மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், நின்று கேட்பார்கள்.