பங்காளிச் சண்டையும் சீசன் டிக்கெட்டும்

கேள்வி: செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு கிளப்புகளின் பகையும் அவற்றின் ரசிகர் கூட்டமும் இல்லாவிட்டால் ஸ்காட்லாந்தில் கால்பந்தே திவாலாகிவிடும் என்று சொல்கிறார்கள். அப்படியிருக்க, 2012-இல் ரேஞ்சர்ஸைக் கடைசிப் பிரிவுக்குத் தள்ளியது, மற்ற கிளப்புகள் தம் தலையில் தாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட செயல் அல்லவா?
— ஒரு வாசகர்

பதில்: இல்லை. 'என்று சொல்கிறார்கள்' என நீங்கள் எழுதியிருப்பதால், சொன்னவர் யார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். பிரீமியர் லீக் கிளப்புகள் 2012 ஜூலை 4 அன்று பத்துக்கு ஒன்று என்ற வாக்கில், திவாலாகிப் புதிய நிறுவனமாக மீண்டும் சேரக் கேட்ட ரேஞ்சர்ஸுக்குக் கதவைச் சாத்திவிட்ட பிறகு, கீழ்ப் பிரிவுகளின் 30 கிளப்புகளை வழிக்குக் கொண்டுவரும் வேலை நடந்தது. ரேஞ்சர்ஸ் கடைசிப் பிரிவில் ஆட நேர்ந்தால் வருமானம் வற்றி ஆட்டம் மெல்லச் சாகும் என்றும், சமூகக் கொந்தளிப்புகூட மூளலாம் என்றும் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்தின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டூவர்ட் ரீகன் எச்சரித்தார். ஜூலை 13 அன்று அந்த 30 கிளப்புகளில் 25, கடைசிப் பிரிவுதான் என்று வாக்களித்தன. இதைக் கிளப் தலைவர்களின் வீரம் என்று நான் புகழ மாட்டேன். தங்கள் சொந்த ரசிகர்கள் சீசன் டிக்கெட்டை (சொந்த மைதானத்தில் ஓராண்டு ஆட்டங்களுக்கு முன்பணம் கட்டி வாங்கும் சீட்டை) புதுப்பிக்க மாட்டோம் என்று கொடி பிடித்ததால், பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆட்டம் செத்ததா? பெர்த் நகரத்தின் செயின்ட் ஜான்ஸ்டன் 1884-இல் தொடங்கப்பட்ட கிளப். ஸ்காட்டிஷ் கோப்பையை அது முதன்முதலாகத் தொட்டது 2014-இல்தான். அடுத்த ஆண்டு அதே கோப்பை இன்வர்னஸுக்குப் போயிற்று. 2016-இல், 1902-க்குப் பிறகு அந்தக் கோப்பையையே காணாத எடின்பரோவின் ஹிபர்னியன், இறுதி ஆட்டத்தில் ரேஞ்சர்ஸையே 3–2 என்று வீழ்த்தியது. லீக் பட்டம் செல்டிக்கை விட்டு நகரவில்லை என்பது உண்மை. 2013-இல் ஹார்ட்ஸும் டன்ஃபர்ம்லினும் கடனில் மூழ்கி, திவால் நிலையில் சட்டப்படி நியமிக்கப்படும் நிர்வாகிகளின் கைக்குப் போனதும் உண்மை. ஆனால் அந்தக் கடன்கள் அவற்றின் உரிமையாளர்கள் பல ஆண்டுகளாக வளர்த்தவை, ரேஞ்சர்ஸ் இல்லாத ஓர் ஆண்டில் முளைத்தவை அல்ல.

பகையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் பங்காளி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: சொத்தில் பங்கு உள்ளவன், அந்தப் பங்குக்காகவே தலைமுறை தலைமுறையாகச் சண்டையிடுபவன். கிளாஸ்கோவின் இந்த இரு கிளப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் இவ்விருவரையும் சேர்த்து 'ஓல்டு ஃபர்ம்', அதாவது பழைய வணிக நிறுவனம், என்று அழைக்கிறார்கள். 1904-இல் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன் கிளாஸ்கோவின் விளையாட்டுப் பத்திரிகை ஒன்று வெளியிட்ட கேலிச்சித்திரத்தில், முன்னும் பின்னும் விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். 'பழைய நிறுவனத்தை ஆதரியுங்கள்: ரேஞ்சர்ஸ், செல்டிக் லிமிடெட்' என்று அந்தப் பலகை சொல்கிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஊர் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டிருந்தது. பின்னாளில் கார்லிங், டெனன்ட்ஸ் என்ற பீர் நிறுவனங்கள் ஒரே காலத்தில் இரு அணிகளின் சட்டைகளிலும் தம் பெயரைப் பொறித்தன. ஒருவருக்கு மட்டும் பணம் கொடுத்தால் நகரத்தில் பாதிப் பேர் தம் பீரைத் தொட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு கிளப்புகளின் பிரீமியர் லீகில் வருமானப் பங்கீடு போன்ற பெரிய முடிவுகளுக்குப் பதினொரு வாக்குகள் வேண்டும் என்று விதி இருந்த காலத்தில், மைதானத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இவ்விருவரும் கைகோத்தால் மற்ற பத்துப் பேரால் எதையும் அசைக்க முடியாது.

அதற்காகப் பகையே நாடகம் என்று நான் சொல்லவில்லை. பசியோடிருந்த ஐரிஷ் கத்தோலிக்கக் குழந்தைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டுவதற்காக, 1887-இல் வால்ஃபிரிட் என்ற துறவி தொடங்கிய கிளப் செல்டிக். ரேஞ்சர்ஸோ மிக நீண்ட காலம் கத்தோலிக்க ஆட்டக்காரர்களைத் தெரிந்தே ஒதுக்கிவந்தது. 1989-இல் ரேஞ்சர்ஸ் மேலாளர் கிரேம் சூனஸ் கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டனை ஒப்பந்தம் செய்தபோது, அணியின் கழுத்துத் துண்டுகளைக் கொளுத்திய ரசிகர்கள் இருந்தார்கள். 1980 கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் பிறகு ஹாம்ப்டன் மைதானத்திலேயே இரு தரப்பும் மோதிக்கொண்டதன் விளைவாகத்தான் மைதானங்களில் மதுவுக்குத் தடை வந்தது. பகை உண்மையானது. என் குறை வேறு: எதிரியின் பக்கம் திரும்பிக் கத்திக்கொண்டே இருப்பவன் தன் வீட்டுப் பெட்டியைத் திறப்பவன் யார் என்று பார்ப்பதில்லை.

ரேஞ்சர்ஸில் நடந்ததைப் பாருங்கள். 2011 மே மாதத்தில் அன்றைய உரிமையாளர் டேவிட் மர்ரி தம் பங்குகளை கிரெய்க் வைட் என்பவருக்கு ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றார். வங்கிக் கடனாக இருந்த சுமார் 1 கோடியே 80 லட்சம் பவுண்டை அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வைட் அந்தக் கடனை அடைத்தார். எந்தப் பணத்தில்? வரப்போகும் ஆண்டுகளில் ரசிகர்கள் வாங்கவிருந்த சீசன் டிக்கெட்டுகளை முன்கூட்டியே ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்றுத் திரட்டிய பணத்தில். ரசிகன் இன்னும் சம்பாதிக்காத கூலியை அடகு வைத்து, அவன் கிளப்பையே வாங்கிவிட்டார் என்று எளிமையாகச் சொல்லலாம். (மோசடி வழக்கில் 2017-இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி அரசுக்குப் போகாமல் நின்றது, 2012 பிப்ரவரி 14 அன்று கிளப் நிர்வாகிகளின் கைக்குப் போயிற்று. கடன் கொடுத்தவர்களின் பட்டியலில் வரித்துறை மட்டுமல்ல, காவல்துறையும் ஆம்புலன்ஸ் சேவையும் இருந்தன. கடனில் ஒரு பகுதியை மட்டும் தரும் சமரசத் திட்டத்தை வரித்துறை ஏற்க மறுக்கவே ரேஞ்சர்ஸை நடத்திவந்த நிறுவனம் கலைப்புக்குப் போக, சொத்துகள் 55 லட்சம் பவுண்டுக்குக் கை மாறின.

இப்போதிருப்பது பழைய கிளப்பா, புதிய கிளப்பா என்று இரு தரப்பும் இன்றுவரை மோதிக்கொள்கின்றன. அந்த வழக்காட்டத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் ஓர் எண்ணை மறக்க முடியவில்லை: 2012 ஆகஸ்ட் 18 அன்று நான்காம் பிரிவில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்ற சின்னஞ்சிறு அணிக்கு எதிரான ஆட்டத்தைக் காண ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்துக்கு வந்தவர்கள் 49,118 பேர். நீங்கள் சொல்லும் அந்தப் பகை அன்று அங்கே இல்லை. செல்டிக் மூன்று படி மேலே வேறு பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கூட்டம் வந்தது.

செல்டிக் ரசிகர்கள் சிரிப்பதற்கு முன் 1994 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். வங்கி விதித்த கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தபோது தொழிலதிபர் ஃபெர்கஸ் மக்கான் பணத்துடன் வந்திராவிட்டால் அவர்களும் அதே படியில்தான் இறங்கியிருப்பார்கள். பிறகு பங்கு வெளியிட்டபோது ஆயிரக்கணக்கில் வாங்கியவர்கள் ரசிகர்களே. இன்று நிலைமை தலைகீழ்: 2025 ஜூன் முடிவில் ஆண்டு வருமானம் 14 கோடிப் பவுண்டுக்கு மேல், வங்கியில் 7 கோடிக்கு மேல். அதே ஆண்டு ஆகஸ்டில் கஜகஸ்தானின் கைராத் அல்மாட்டி அணிக்கு இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல், பெனால்டியில் தோற்றுச் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பை இழந்தார்கள். அப்போது ரசிகர்கள் ரேஞ்சர்ஸை மறந்துவிட்டுத் தங்கள் இயக்குநர் குழுவின் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பிடித்த ஆரவாரம் அது.

இந்தக் கணக்கில் தொலைக்காட்சியின் பங்கு சிறிது. ஸ்காட்லாந்து லீக் முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 3 கோடிப் பவுண்டு கிடைக்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீகில் கடைசி இடத்தில் தோற்று வெளியேறும் ஒற்றை கிளப்புக்கு 10 கோடிக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே வாசலில் டிக்கெட் வாங்குபவன்தான் ஸ்காட்லாந்தில் முதலீட்டாளன். 1980-களின் தொடக்கம் வரை அந்த வாசல் வசூலில் விருந்தாளி அணிக்கும் பங்கு இருந்தது. அது நின்றபின் பெரிய மைதானம் உள்ளவன் கொழுத்தான். 1985-இல் அபர்டீன் பட்டம் வென்றதற்குப் பிந்தைய நாற்பது சீசன்களில் பட்டம் இந்த இருவரைத் தாண்டிப் போகாததற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு நடுவே ஹார்ட்ஸ் ரசிகர்கள் மாதாமாதம் சந்தா கட்டி, திவாலிலிருந்து மீண்ட தங்கள் கிளப்பின் முக்கால் பங்கை 2021-இல் தங்கள் அறக்கட்டளையின் பெயருக்கே மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு கிளப் விழுந்தால் ஆட்டமே விழுமா என்பதற்கு கிளாஸ்கோவிலேயே சாட்சி இருக்கிறது. ஹாம்ப்டன் மைதானத்துக்குப் பக்கத்தில் கேத்கின் பார்க் என்ற பூங்காவில், புல்தரையைச் சுற்றிச் சிமெண்டுப் படிகள் இன்றும் இருக்கின்றன; படிகளுக்கு நடுவே மரங்கள் வளர்ந்திருக்கின்றன, கூட்டத்தைத் தாங்கிய இரும்புத் தடுப்புகள் அவற்றின் நிழலில் நிற்கின்றன. 1904-இல் ஸ்காட்லாந்தின் பட்டம் வென்ற தேர்டு லனார்க்கின் சொந்த மைதானம் அது. நிர்வாகச் சீர்கேட்டால் சீரழிந்த அந்த அணி தன் கடைசி ஆட்டத்தை 1967 ஏப்ரல் 28 அன்று டம்பார்ட்டனில் ஆடித் தோற்றது. இருபத்தேழு நாள் கழித்து, அதே நகரத்தின் செல்டிக் லிஸ்பனில் இன்டர் மிலானை 2–1 என்று வென்று, பிரிட்டனுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டுவந்தது.