பெட்டியில் சீனா என்று இருந்தாலும் உற்பத்தியாளர் நீங்கள்தான்

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் நானும் என் மச்சானும் 2020 முதல் கூட்டாக வியாபாரம் செய்கிறோம். ஷென்செனிலிருந்து புளூடூத் ஸ்பீக்கர் இறக்கி, எங்கள் பிராண்டு பெயரில் விற்கிறோம். 2021-22-ல் 12 டன், அடுத்த ஆண்டு 18 டன் வந்தது. 2023-ல் ஒரு கன்சல்டன்ட் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்து கொடுத்தார். மறுசுழற்சிச் சான்றிதழ் என்று ஒரு காகிதத்தையும் தந்து 1,40,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். இப்போது 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுக்கும் மறுசுழற்சி இலக்கை முடிக்கவில்லை என்று வாரியத்திலிருந்து நோட்டீஸ். கன்சல்டன்ட் போனை எடுப்பதில்லை. நாங்கள் தயாரிப்பவர்களே இல்லை, சாதாரண வியாபாரிகள். குறுநிறுவனம் என்ற உத்யம் சான்றிதழும் இருக்கிறது. இதே தெருவில் எத்தனையோ பேர் பதிவே இல்லாமல் விற்கிறார்கள். 5 ஆண்டு சிறை என்று வேறு பயமுறுத்துகிறார்கள். உயர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: கன்சல்டன்ட் ஏமாற்றியது, பக்கத்துக் கடைக்காரர் தப்பித்தது இரண்டையும் ஓரமாக வையுங்கள். வாரியம் பார்ப்பது ஒன்றைத்தான்: சரக்கு யார் பெயரில் இறங்கியது? சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. 2022-ம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளின்படி, இறக்குமதி செய்த சாதனத்தை விற்பவரும் உற்பத்தியாளர், அடுத்தவர் செய்ததைத் தன் பிராண்டில் விற்பவரும் உற்பத்தியாளர். நீங்கள் இரண்டிலும் வருகிறீர்கள்.

உத்யம் வாதத்தை நானும் யோசித்துப் பார்த்தேன். குறுநிறுவனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் மொத்த, சில்லறை வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யத்துக்குள் சேர்த்தபோது, வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் என்று கட்டுப்பாடு போட்டே சேர்த்தார்கள். அது போக, அந்த ஆண்டுகளில் குறுநிறுவனத்துக்கு விற்றுமுதல் வரம்பு 5 கோடி. 10 கோடியானது 2025 ஏப்ரல் 1 முதல்தான். புது வரம்பைக் காட்டிப் பழைய ஆண்டுகளுக்கு விலக்கு கேட்க முடியாது. நீங்களே உற்பத்தியாளர் என்று பதிவு செய்துவிட்டு இப்போது இல்லை என்பதும் எடுபடாது.

சிறை பற்றிய பயம் பழைய கதை. ஜன் விஸ்வாஸ் திருத்தம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ம் பிரிவில் இருப்பது 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதைக் கட்டாமல் விட்டால்தான் சிறை என்ற பேச்சு வரும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் கையில் இருக்கும் அந்தக் காகிதம். அதைப் பதிலோடு இணைத்து ‘இலக்கை முடித்துவிட்டோம்’ என்று எழுதத்தான் உங்களுக்குத் தோன்றும். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் செய்துவிட்டு வந்தார். இ.பி.ஆர். (உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு) சான்றிதழ் என்பது பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வாரியத்தின் போர்ட்டலிலேயே மாறுவது. காயலான் கடை ரசீதோ லெட்டர்பேடில் அடித்த கடிதமோ அதற்கு ஈடாகாது. போர்ட்டலில் நுழைந்து பாருங்கள்; உங்கள் கணக்கில் பூஜ்யம் இருந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. அதைச் சான்று என்று நீங்கள் நீட்டினால், இலக்கு தவறியவர் என்ற நிலையிலிருந்து பொய்ச் சான்றிதழ் காட்டியவர் என்ற நிலைக்குப் போய்விடுவீர்கள். அதற்குத் தனியாக இழப்பீடு உண்டு, போலி ஆவணம் என்று வேறு வழக்கும் வரலாம். ‘ஏமாற்றப்பட்டோம்’ என்று நடந்ததைச் சொல்லுங்கள், தவறில்லை. முடித்துவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்த பள்ளம், எடைக் கணக்கு. போர்ட்டலில் எவ்வளவு டன் என்று போட்டது யார்? கன்சல்டன்ட்தானே. ஓ.டி.பி. கொடுத்தது நீங்கள், எனவே அது உங்கள் வாக்குமூலம். சில கன்சல்டன்ட்கள் அட்டைப்பெட்டியோடு சேர்த்த எடையைப் போட்டுவிடுகிறார்கள், சிலர் இலக்கு குறையட்டும் என்று பாதியைக் காட்டிவிடுகிறார்கள். பதில் எழுதும் முன் பில் ஆஃப் என்ட்ரி, ஜி.எஸ்.டி. கணக்கு, போர்ட்டல் மூன்றையும் ஆடிட்டரை வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் ஆவணத்தோடு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வாரியம் கண்டுபிடித்தபின் சொன்னால் விளக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், இந்த நிறுவனத்தை மூடிவிட்டு மனைவி பெயரில் புது ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்) எடுக்கலாம் என்று தெருவில் யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கூட்டு நிறுவனத்தின் கடன் கூட்டாளிகளை விடாது.

சரி, உயர் நீதிமன்றம்? இது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். ரிட் போட்டால் ‘முதலில் பதில் கொடுத்துவிட்டு வா’ என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். என் வக்கீல் தொழிலுக்கு நஷ்டம் என்றாலும் சொல்கிறேன்: சண்டை வேண்டாம், சான்றிதழை வாங்கி முடியுங்கள். கணக்கைப் பாருங்கள். புதிதாக வந்த நிறுவனத்துக்கு 2023-24-ன் இலக்கு 2021-22 விற்பனையில் 15 சதவீதம். அடுத்த ஆண்டு 2022-23 விற்பனையில் 20 சதவீதம். வந்ததெல்லாம் விற்றதாக வைத்தால் 1.8 டன், 3.6 டன், ஆக 5.4 டன். இந்த வகைச் சாதனங்களின் சான்றிதழுக்கு வைத்த அடிமட்ட விலை கிலோவுக்கு 22 ரூபாய். சுமார் 1,19,000 ரூபாய். அந்த அடிமட்ட விலை, இலக்கு தவறினால் கட்டவேண்டிய இழப்பீட்டுத் தொகையில் 30 சதவீதம் என்பதுதான் கணக்கு. வாங்காமல் இழுத்தால் 4 லட்சத்தைத் தொடும். அதைக் கட்டினாலும் இலக்கு தீராது; மூன்று ஆண்டு வரை பின்னாலேயே வரும். முதல் ஆண்டுக்குள் முடித்தால் கட்டியதில் 85 சதவீதம் திரும்பும், இரண்டாம் ஆண்டு 60, மூன்றாம் ஆண்டு 30, அதற்குமேல் ஒன்றுமில்லை.

கன்சல்டன்டுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், பாதிப் பணம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வழக்கு முடியும்வரை வாரியம் காத்திருக்காது.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று. அந்த ஸ்பீக்கர்களுக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் வேறு, அதற்குப் பதிவும் வேறு. எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த கண்டெய்னருக்கு ஆர்டர் போடும் முன் எடுத்துவிடுங்கள்.