பிள்ளைகள் தூங்கிய பிறகு படித்தால் எதுவும் மனதில் நிற்கவில்லையா?

கேள்வி: 12 வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். 7 வயதிலும் 3 வயதிலும் பிள்ளைகள். இருவரும் தூங்கிய பிறகு, இரவு 10 மணிக்குமேல் படிக்க உட்கார்ந்தால் ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தும் ஒன்றும் நிற்பதில்லை. வயதாகிவிட்டதா? அசைன்மென்ட் எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார், கொடுத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்காதீர்கள். இந்த ஆட்கள் உங்களைப் போல நேரமில்லாமல் தவிப்பவர்களைத் தேடித்தான் வருகிறார்கள். முதலில் கொஞ்சம் பணம் கேட்பார்கள், அப்புறம் "நாங்களே பதிவேற்றிவிடுகிறோம்" என்று உங்கள் பாஸ்வேர்டைக் கேட்பார்கள். ஒரே விடையைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பார்கள், மாட்டினால் போவது உங்கள் படிப்புதான், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இனி வேண்டாம் என்று நீங்கள் ஒதுங்கினால், கல்லூரிக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பதும் நடக்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம். வயது காரணமில்லை. நாள் முழுவதும் ஓடிக் களைத்த மூளையிடம் இரவு 10 மணிக்குப் புதுப் பாடத்தைக் கொடுக்கிறீர்கள், அதையும் திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள். அப்படிப் படித்தால் பக்கம் பழகிப்போகும், தெரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

அதனால் 20 நிமிடம் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், நினைவில் இருப்பதை எழுதுங்கள். மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து இன்னொரு முறை. இதைக் காலையிலோ மதிய இடைவேளையிலோ வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பக்க எண் போடுவது, அட்டவணை வரைவது மாதிரி வேலைகள் மட்டும் போதும். தூக்கத்தைக் குறைக்க வேண்டாம், படித்தது மூளையில் நன்றாகப் பதியத் தூக்கமும் வேண்டும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்துக்கு இது எதுவும் பொருந்தாது. அந்த வாரம் புதுப் பாடம் தொடாதீர்கள், முன்பு எழுதிய குறிப்புகளை ஐந்து நிமிடம் புரட்டினால் போதும், அதுவும் பிள்ளை தூங்கினால்தான். ஆனால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: கெடு முடிவதற்கு முன்பே அவகாசம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். முடிந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கதவு மூடிவிடும். "பார்த்துக்கலாம்" என்று யாராவது போனில் சொன்னால் அதை நம்பி உட்காராதீர்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். இதிலும் ஒரு கொடுமை உண்டு. மாணவருக்குக் காய்ச்சல் என்றால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அவகாசம் தரும் இடங்களில்கூட, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கு விதியில் இடமில்லை என்பார்கள். எத்தனையோ வருடமாகப் பெற்றோர்கள் படிக்க வந்துகொண்டிருக்கிறார்கள், விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்க இன்னும் மனம் வரவில்லை. நீங்கள் காரணத்தை அப்படியே எழுதி, பிள்ளையின் மருத்துவச் சீட்டையும் இணைத்து அனுப்புங்கள்.

அப்புறம், 7 வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் இல்லையா? கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அந்தக் கையில் கொடுங்கள். பிள்ளை கேட்கட்டும், நீங்கள் பார்க்காமல் பதில் சொல்லுங்கள்.